மிதிவண்டியில் நாடு கடந்தவர்கள்

மிதிவண்டியில் நெடுந்தூரம் சென்று அயல்நாட்டைக் கடப்பதும், வழியில் அந்நாட்டு மக்களோடு தங்கிப் பழகுவதும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தொடங்கிய வழக்கம். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு, 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகோகாமாவை அடைந்தார். அவர் ஓட்டியது மார்பளவு உயரமுள்ள முன்சக்கரமும் மிகச் சிறிய பின்சக்கரமும் கொண்ட பழைய வகை வண்டி. இந்தியாவில் அவர் வடக்கே லாகூரிலிருந்து கல்கத்தா வரை வந்து கப்பல் ஏறிவிட்டார். தென்னாடு அவர் பாதையில் இல்லை.

இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாக, சங்கிலியால் ஓடும் 'ரோவர்' வண்டி இங்கிலாந்தில் 1885இல் வந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இவை இரண்டும் சேர்ந்த பிறகுதான் வித்தைக்காரர் அல்லாத மனிதரும், குறிப்பாகப் பெண்களும், நூற்றுக்கணக்கான மைல் போக முடிந்தது.

இந்த வரலாற்றில் நம் நாடு இரண்டு விதமாக வருகிறது. முதலில், பிறர் வந்து பார்த்துப் போன அயல்நாடாக. பிறகு, நம்மவர் புறப்பட்டுப் போன தாய்நாடாக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உள்ளூர் மக்கள் என்பவர் யார், வந்தவர் கண்ணில் அவர்கள் பட்டார்களா என்ற கேள்வி எழுகிறது. விருதுநகர், சிவகாசிப் பகுதியைச் சேர்ந்த எனக்கு அது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

தெற்கத்திச் சாலை

மதுரையிலிருந்து தெற்கே கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் பழைய பெருவழியை இன்றும் முதியவர்கள் மங்கம்மாள் சாலை என்பார்கள். நாயக்கர் அரசி இராணி மங்கம்மாள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் நடந்து போவோருக்கும் வண்டி கட்டிப் போவோருக்கும் உரியவை. சாலையோரச் சுமைதாங்கிக் கல், கோடையில் வைக்கும் தண்ணீர்ப் பந்தல், ஊர்ச் சாவடி இவையெல்லாம் அந்தக் காலத்துப் பயண வசதிகள். சத்திரத்தில் இடமும் சோறும் கிடைத்தன. ஆனால் யாருக்கு எந்தத் திண்ணை, யாருக்குத் திண்ணையே இல்லை என்பதைச் சாதி தீர்மானித்தது.

ஆங்கிலேய ஆட்சியில் இதற்கு மேல் இன்னோர் அடுக்கு வந்தது. அரசு அலுவலரும் ஐரோப்பியப் பயணிகளும் தங்குவதற்கான பயணியர் விடுதிகள் அவை. எங்கள் பக்கம் முசாபரி பங்களா என்று சொல்வார்கள். 1876இல் மதுரை, தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. திருமங்கலம், விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி வழியே வண்டி ஓடத் தொடங்கியது. விருதுபட்டி என்பதுதான் 1923 வரை விருதுநகரின் பெயர். தனுஷ்கோடி வழியாகப் படகுப் போக்குவரத்து 1914இல் வரும் முன், இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வருபவர் கொழும்பில் நீராவிக் கப்பல் ஏறித் தூத்துக்குடியில் இறங்குவதே வழக்கம்.

சாலை என்றால் இன்றைய நான்குவழிச் சாலையை நினைக்கக் கூடாது. கரிசல் மண்ணில் மழை பெய்தால் சக்கரம் சுற்றாது. களி அப்பிக்கொண்டு மட்கார்டை அடைத்துவிடும். வெயில் காலத்தில் முள். இக்காலத்தவர் முள் என்றதும் சீமைக் கருவேலத்தை நினைப்பார்கள். அந்த மரம் எங்கள் வட்டாரம் முழுவதையும் மூடியது நாடு விடுதலை பெற்ற பிறகுதான். அதற்கு முன்பு இருந்தவை நாட்டுக் கருவேலும் உடைமரமும். உடைமுள் காய்ந்தால் ஆணிக்குச் சமம். மாட்டு வண்டிக்கு அதனால் கேடு இல்லை, காற்றடைத்த டயருக்கு உண்டு.

வொர்க்மன் தம்பதி

இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயம் வரை மிதிவண்டியில் சென்ற முதல் அயல்நாட்டவர்களில் பெயர் பெற்றவர்கள் ஃபேனி புல்லக் வொர்க்மனும் அவர் கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மனும். ஃபேனி 1859இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவரின் மகள். கணவர் மருத்துவர். அவர் உடல்நலம் கருதித் தொழிலை விட்ட பின் குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இருவரும் ரோவர் வண்டி வாங்கினார்கள். அல்ஜீரியாவையும் ஸ்பெயினையும் சுற்றி வந்து இரண்டு நூல்கள் எழுதினார்கள். அந்தப் பயணங்களில் துரத்தும் நாய்களை விரட்டச் சாட்டையும், மனிதரை எண்ணிக் கைத்துப்பாக்கியும் வைத்திருந்தார்கள் என்பதிலிருந்தே அவர்கள் உள்ளூர் மக்களை எதிர்கொண்ட மனநிலை ஓரளவு தெரியும்.

1897இன் இறுதியில் அவர்கள் கீழை நாடுகளுக்கு வந்தார்கள். இலங்கையைச் சுற்றிய பின் இந்தியா. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள். இந்தியாவில் மட்டும் சுமார் 14,000 மைல், அதாவது 22,500 கிலோமீட்டர். தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, தகர டப்பா இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு கம்பளி, எழுதுபொருள், மருந்துப் பெட்டி, பஞ்சர் ஒட்டும் கருவிகள் என்று மிகக் குறைந்த சுமைதான். ஃபேனி நீண்ட பாவாடை அணிந்தே வண்டி ஓட்டினார். சில நாட்களில் 40 முறை வரை பஞ்சர் ஒட்ட வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் ஒருவரிடம் இந்த எண்ணிக்கையைச் சொன்னால், "சொலூஷன் டப்பாவை யார் சுமந்தது?" என்றுதான் முதலில் கேட்பார்.

மேல்நாட்டு உணவும் புது டயரும் ரயில் மூலமே வந்து சேரும் என்பதால் பெரும்பாலும் இருப்புப்பாதையை ஒட்டியே அவர்கள் சென்றார்கள். பங்களா கிடைக்காத இரவுகளில் ரயில் நிலையக் காத்திருப்பு அறை. எலி ஓடும் அறைகள், கொசு, பசி, தாகம் எல்லாம் இருந்தன. அந்த உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. இந்தப் பயணத்தைப் பற்றிய அவர்களுடைய நூல் 1904இல் வெளிவந்தது.

அந்த நூலின் நாயகர்கள் மனிதர்கள் அல்லர், கட்டடங்கள். பயணத்துக்கு முன்பே இராமாயணம், மகாபாரதம், புத்த ஜாதகக் கதைகள் ஆகியவற்றை மொழிபெயர்ப்பில் படித்துத் தயாராகி வந்தவர்கள் அவர்கள். கோயில், மண்டபம், குகை, கோபுரம் என்று தேடிச் சென்று படம் எடுத்தார்கள். பழமை மீது அவர்களுக்கு இருந்த மதிப்பு உண்மையானது. ஆனால் அந்தப் பழமையைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே சாலையில் மாடு ஓட்டிக்கொண்டு போனபோது அவர்கள் இடைஞ்சலாகவோ வேலையாளாகவோதான் தெரிந்தார்கள். 1898இல் மலைப் பகுதிக்குச் சென்றபோது சுமை தூக்கும் கூலியாட்களுடன் ஏற்பட்ட தகராறுகளுக்கெல்லாம் கூலியாட்களின் குணத்தையே காரணம் காட்டினார்கள்.

இதே ஃபேனிதான் 1912இல் சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் ஏறத்தாழ 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் நாளேட்டை விரித்துப் பிடித்து நின்று படம் எடுத்துக்கொண்டவர். தமக்கு மறுக்கப்பட்ட உரிமையை அவ்வளவு துல்லியமாக உணர்ந்த ஒருவர், தம் மூட்டையைச் சுமந்தவருக்கு மறுக்கப்பட்டதைக் காணவில்லை. மனிதர்கள் பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள். அதற்காக அவர் சாதனையை மறுக்க வேண்டியதில்லை. முழுமையாகப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

கோயில் வாசல்

வொர்க்மன் தம்பதி இந்தியாவில் இருந்த அந்த இரண்டரை ஆண்டுகளில் எங்கள் வட்டாரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தைச் சேர்ந்த சிலர் வழிபட நுழைந்தார்கள். இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி பெயரில் வழக்குத் தொடரப்பட்டது. கீழ்நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம் வழியாக இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அவ்வழக்கு 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் சிவகாசியில் சிவன் கோயில் நுழைவு பற்றிய பூசல் முற்றியது. கோயில் பூட்டப்பட்டது. 1899 ஜூன் 6ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து ஊரைத் தாக்கினர். 'சிவகாசிக் கொள்ளை' என்று முதியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போது சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. கலகம் அம்மாவட்டத்தின் பல ஊர்களுக்குப் பரவி, கூடுதல் காவற்படை நிறுத்த வேண்டியதாயிற்று.

இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், அக்காலத்தில் ஐரோப்பியப் பயணிகள் பெருங்கோயில்களின் வெளிப் பிராகாரம், ஆயிரங்கால் மண்டபம், திருக்குளம் வரை சென்று பார்க்க முடிந்தது. கருவறை மட்டும்தான் தடை. லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் 1858இலேயே மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மண்டபத் தூண்களையும் பொற்றாமரைக் குளத்தையும் புகைப்படம் எடுத்திருக்கிறார். கடல் கடந்து கேமராவுடன் வந்தவருக்குத் திறந்திருந்த மண்டபம், பக்கத்து ஊரிலிருந்து தேங்காய் பழத்துடன் வந்த எத்தனையோ பேருக்குத் திறக்கவில்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் குறிப்பெடுத்த பயணிக்கு, வாசலில் நின்றவர் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல ஆள் இருந்தார்கள்.

அந்த வாசல் திறக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று அ. வைத்தியநாதய்யர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றவர்களில் கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் ஐவரும், விருதுநகர் எஸ். எஸ். சண்முக நாடாரும் இருந்தனர்.

1923

எங்கள் பகுதியின் வரலாற்றில் 1923 முக்கியமான ஆண்டு. விருதுபட்டி விருதுநகர் ஆயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு கல்கத்தாவுக்குப் போன சிவகாசி இளைஞர்கள் இருவர், பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும், அங்கேயே சில மாதம் தங்கித் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மொழி தெரியாத ஊரில், அங்குள்ள தொழிலாளியின் கையைப் பார்த்துக் கற்ற வித்தை அது. ஒரு வட்டாரமே அதனால் பிழைத்தது. அவர்கள் போனது ரயிலில். எனவே இக்கட்டுரைக்கு அவர்கள் உரியவர்கள் அல்லர் என்று சிலர் சொல்லலாம். உள்ளூர் மக்களிடம் எதையாவது கற்கப் போவதும் ஒரு வகைப் பயணம்தான் என்பதால் குறிப்பிட்டேன்.

அதே 1923இல், அக்டோபர் 15ஆம் நாள், பம்பாயில் பார்சி இளைஞர் அறுவர் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ரஸ்தம் பும்கரா, குஸ்தாத் ஹாதிராம், கேகி போச்கானவாலா, நரிமான் கபாடியா. உடற்பயிற்சிக் கழகம் ஒன்றில் எடை தூக்கிப் பழகியவர்கள். ஐரோப்பாவிலிருந்து நடந்தே வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1920இல் பம்பாய் ஓவல் திடலில் பேசியதைக் கேட்டதுதான் அவர்களுக்குத் தூண்டுதல். பலுசிஸ்தான், ஈரான், ஈராக் வழியே சென்று, பாக்தாதிலிருந்து அலெப்போ வரை பாலைவனத்தை மிதிவண்டியிலேயே கடந்தார்கள். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா, இந்தோசீனா, சயாம், பர்மா என்று சுற்றி, 1928 மார்ச் 18இல் பம்பாய் சேர்ந்தவர்கள் மூவர் மட்டுமே: ஹக்கீம், பாபசோலா, பும்கரா. சுமார் 44,000 மைல். ஏனையோர் வெவ்வேறு இடங்களில் பிரிந்துவிட்டனர். மூவரும் எழுதிய நூல் 1931இல் ஜவாஹர்லால் நேருவின் முன்னுரையுடன் வந்தது.

இவர்களுக்கும் வொர்க்மன் தம்பதிக்கும் உள்ள வேறுபாடு உடல் வலிமையில் இல்லை. அமெரிக்கத் தம்பதிக்கு இந்தியாவில் வெள்ளை நிறமே அனுமதிச் சீட்டு. எந்த ஊரிலும் பங்களாவின் கதவு திறக்கும், நிலைய அதிகாரி எழுந்து நிற்பார். இந்திய இளைஞர்களோ அடிமை நாட்டின் குடிமக்கள். ஒவ்வோர் எல்லையிலும் தாம் யார், எதற்காக வந்தோம், திரும்பிப் போவோமா என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அதனால் இவர்களுக்கு உள்ளூர் மக்கள் காட்சிப் பொருள் ஆக வழியில்லை. இரவுத் தங்கலுக்கும் ரொட்டிக்கும் அவர்களையே நம்ப வேண்டும்.

தனியே போனவர்கள்

வங்காளத்திலிருந்து 1926 டிசம்பர் 12இல் பிமல் முகர்ஜியும் நண்பர் மூவரும் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டனர். நாளடைவில் பிமல் தனி ஆளானார். அவர் ஊர் திரும்பியது 1937இல். பணம் தீர்ந்த இடங்களில் நின்று வேலை செய்தார். மீன்பிடிக் கப்பலில் வேலை, டென்மார்க்கில் பால்பண்ணையில் வேலை. ஒரு நாட்டு மக்களோடு பழக அவர்களோடு சேர்ந்து வேலை செய்வதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. விருந்தாளியாகப் போனால் அந்த வீட்டின் கூடத்தைத்தான் பார்க்கலாம். வேலையாளாகப் போனால் கொல்லைப்புறமும் தெரியும்.

இராம்நாத் பிஸ்வாஸ் (1894–1955) இன்னும் தனி ரகம். இன்றைய வங்கதேசத்தின் பானியாச்சங் என்ற ஊரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் பணிபுரிந்தவர். அவர் புறப்பட்டது இந்தியாவிலிருந்து அன்று. சிங்கப்பூரின் குயீன் தெருவிலிருந்து, 1931 ஜூலை 7இல். ஒரு மிதிவண்டி, இரண்டு சால்வை, செருப்பு, பழுது பார்க்கும் கருவிகள் அடங்கிய பெட்டி. வழியனுப்ப அங்குள்ள சீக்கியர் கோயிலருகே இந்தியர்கள் கூடி வந்தே மாதரம் முழங்கினர். மலாயாவில் அவர் கடந்த சாலைகளின் இரு மருங்கிலும் இரப்பர்த் தோட்டங்கள். அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிப் போனவர்கள். ஊர் சுற்றிப் பார்க்க அவர்கள் போகவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான், கனடா வரை முதல் பயணம். 1934இல் ஆப்கானிஸ்தான் வழியே ஐரோப்பாவுக்கு இரண்டாம் பயணம். 1938இல் ஆப்பிரிக்காவும் அமெரிக்காவும். தோல் நிறம் பார்த்து மனிதரைப் பிரிக்கும் வழக்கத்தை ஆப்பிரிக்காவில் அவர் நேரில் அனுபவித்தார். கறுப்பின மக்களின் வாழ்வைப் பற்றி வங்காளியில் விரிவாக எழுதினார். முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் அவருடையவை. வொர்க்மன் நூலில் இல்லாத வினா இவர் நூல்களில் இருக்கிறது: வாசலுக்கு வெளியே நிற்பவர் ஏன் அங்கே நிற்கிறார்? அதே வாசலில் தாமும் நிறுத்தப்பட்டவர் என்பதால் அது அவருக்குத் தானாகவே தோன்றியிருக்கும்.

இக்காலம்

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை மிதிவண்டியில் போகிறவர்கள் இப்போது ஆண்டுதோறும் வருகிறார்கள். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை விருதுநகரையும் சாத்தூரையும் தொட்டுப் போவதால், மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் பின்புறம் இரண்டு பைகள் தொங்கும் வண்டிகளைச் சாலையோரத் தேநீர்க் கடைகளில் காணலாம். கடையில் சேவும் தேநீரும் வாங்கிக்கொண்டு படத்தில் இடம் காட்டி வழி கேட்பார்கள். அவர்களைக் கடந்து பட்டாசு ஆலைத் தொழிலாளரை ஏற்றிய வேன்கள் சிவகாசிப் பக்கம் போகும். அவர்களிலும் பலர் ஒரு காலத்தில் கேரியரில் தூக்குவாளியைக் கட்டிக்கொண்டு மிதிவண்டியில் போனவர்கள்தான். அவர்கள் ஓட்டிய தூரத்தை யாரும் கணக்கிட்டதில்லை.

2000களின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த கிராமப் பள்ளிக்கு ஒரு மாலை ஐரோப்பியக் கணவன் மனைவி இருவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இருட்டுவதற்குள் கூடாரம் போட இடம் வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியர் வராந்தாவைக் காட்டினார். வகுப்பு விட்டும் பிள்ளைகள் போகவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "இவ்வளவு தூரம் சைக்கிள்ல வந்திருக்காங்களே, பஸ்சுக்குக் காசு இல்லையா சார்?" என்றான். ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "பேருந்தில் போயிருந்தால் இவனைப் பார்த்திருக்க மாட்டோமே" என்றார். பிறகு அவன் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட கதையை நான் சொல்ல, அவர் அதைச் செய்து காட்டச் சொன்னார். அவருடைய வண்டியின் நடுக்கம்பி சாய்வாக இருந்ததால் பையனால் முடியவில்லை.

மறுநாள் காலை புறப்படும் முன் அந்த அம்மாள் தம் நாட்குறிப்பை எடுத்து, அங்கு நின்ற பிள்ளைகள் அத்தனை பேரிடமும் பெயர் எழுதச் சொன்னார். தமிழில் எழுதலாமா என்று கேட்டுவிட்டு, வரிசையில் நின்று எழுதினார்கள். ஒன்றரைப் பக்கம் வந்தது. அந்தப் பையன் முதலெழுத்து மறந்துவிட்டது என்று திரும்ப ஓடிவந்து எழுதினான்.